கடைசியாகச் சேமித்தவர்

எக்ஸெல் ஷீட்டில் இருக்கும் ஒரு கட்டத்துக்குத் தன் அக்கம்பக்கம் எல்லாம் தெரியும். பக்கத்துக் கட்டத்தில் என்ன எண், மேலே இருக்கும் நூறு கட்டங்களின் கூட்டுத்தொகை என்ன, அடுத்த ஷீட்டில் மார்ச் மாதச் சம்பளம் எவ்வளவு, எல்லாவற்றையும் கேட்டுச் சொல்லும். ஆனால் தான் குடியிருக்கும் வீட்டைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இந்த ஃபைலை உருவாக்கியது யார்? கடைசியாகச் சேமித்தது யார்? எப்போது? வெளியே வந்து ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் எல்லாம் எழுதியிருக்கும். உள்ளே, கட்டத்தில் நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது.

முழுக்க வராது என்றும் சொல்ல முடியாது. ‘செல்’ என்றொரு சூத்திரம் உண்டு, அதனிடம் ‘ஃபைல்நேம்’ என்று கேட்டால் ஃபைல் இருக்கும் பாதையையும் பெயரையும் சொல்லும். அவ்வளவுதான். ஷீட்டின் தலைப்பிலும் அடியிலும் பக்க எண், இன்றைய தேதி, ஃபைல் பெயர் அச்சிட வசதி இருக்கிறது. எழுதியவர் பெயருக்கோ சேமித்த நேரத்துக்கோ அங்கேயும் இடமில்லை. இதே மைக்ரோசாஃப்ட்டின் வேர்டில் இதற்கெல்லாம் தனித்தனி ‘ஃபீல்ட்’ உண்டு. எழுதியவர், கடைசியாகச் சேமித்தவர், சேமித்த தேதி, ஏன், மொத்தம் எத்தனை நிமிடம் இதைத் தட்டினீர்கள் என்பதுகூட. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் முப்பது வருடமாக உலகமெங்கும் அலுவலகங்களில் யாரோ ஒருவர் பத்து வரி மேக்ரோ எழுதி, அந்தத் தகவலை வெளியிலிருந்து கட்டத்துக்குள் கொண்டுவந்துகொண்டே இருக்கிறார். நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்குப் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1978-இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் டான் பிரிக்லின் மாணவராக இருந்தார். பேராசிரியர்கள் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கெழுதுவார்கள். நடுவில் ஓர் எண் மாறினால் அதைத் தொட்டு நிற்கும் எல்லா எண்களையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தானாக மாறும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் யோசித்தார். பாப் ஃப்ராங்க்ஸ்டன் அதற்கான நிரலை எழுதினார். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘விசிகால்க்’ வந்தது. 63 பத்திகள், 254 வரிசைகள். கரும்பலகைக்கு ஆசிரியர் பெயர் எதற்கு? சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆசிரியர். கணக்கு போட்டவரே பார்த்தார், பார்த்தவரே முடிவெடுத்தார். ஃபைலின் பூர்வீகம் வேண்டுமென்றால் ஃபிளாப்பியின் மேல் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். உலகின் முதல் ‘ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்’ அந்த லேபிள்தான் என்று நான் நினைப்பதுண்டு.

அடுத்து 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3. நிறுவனர் மிட்ச் கபோர் அதற்கு முன்பு ஆழ்நிலைத் தியானம் கற்றுக்கொடுத்தவர். பத்மாசனத்திலிருந்துதான் அந்தத் தாமரை வந்தது. லோட்டஸின் மேக்ரோ வேடிக்கையானது. தனியாக ஒரு நிரல் மொழி கிடையாது, நீங்கள் விசைப்பலகையில் எந்தெந்த விசையை அழுத்துவீர்களோ அதையே வரிசையாக ஒரு கட்டத்தில் எழுதி வைப்பீர்கள். அதற்கு ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்துவிட்டால், ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டும்போது லோட்டஸ் உங்கள் விரல்களைப் போல நடித்துக் காட்டும். எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தைப் பெயராக வைத்தால் யாரும் தட்டவே வேண்டாம், ஃபைலைத் திறந்ததும் தானே ஓடும். இந்தப் ‘தானே ஓடும்’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெல் 1985-இல் மெக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. அதில் மேக்ரோ எழுத ஒரு தனி ஷீட் இருந்தது. அங்கே நீங்களே சொந்தமாக ஒரு ஃபங்ஷன் செய்யலாம். செய்துவிட்டால் கூட்டல், சராசரி மாதிரி அதையும் கட்டத்தில் எழுதிக் கூப்பிடலாம். இது சாதாரண விஷயமில்லை. அதுவரை கட்டத்தில் எதைக் கேட்கலாம் என்பதை மென்பொருள் எழுதியவர்கள்தான் தீர்மானித்தார்கள். இப்போது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் புதிதாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துக் கட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கேள்வி இப்படித் தயாராக, பதிலும் இன்னொரு பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் ஃபைல்கள் கைமாற ஆரம்பித்தன. ஒருவர் தொடங்கி, இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் அச்சிட்டு, நான்காமவர் மின்னஞ்சலில் அனுப்பினார். ‘யார் பண்ணது இது?’ என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஃபைல்களை உள்ளுக்குள் அறைகள் பிரித்த பெட்டி மாதிரி அமைத்தது. ஒரு அறையில் உங்கள் எண்கள். இன்னொரு சின்ன அறையில் ஃபைலின் ஜாதகம்: தலைப்பு, எழுதியவர், கடைசியாகச் சேமித்தவர், உருவான நேரம், சேமித்த நேரம், கடைசியாக அச்சிட்ட நேரம்.

பெயர் எங்கிருந்து வரும்? ஆபீஸ் மென்பொருளை நிறுவும்போது ‘உங்கள் பெயர், நிறுவனம்’ என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் எதை அடிக்கிறீர்களோ அதுதான். அடையாள அட்டை கேட்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கணினியைச் சேர்த்துக்கொடுத்த அண்ணன்கள் பத்து சிஸ்டத்துக்கு ஒரே மூச்சில் நிறுவுவார்கள். அவர்கள் அந்தப் பெட்டியில் ‘அட்மின்’ அல்லது ‘யூசர்’ என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தமிழ்நாட்டில் ஒரு காலகட்டத்துத் திட்ட அறிக்கைகள், திருமணப் பத்திரிகைகள், கூட்டுறவுச் சங்கக் கணக்குகள் எல்லாவற்றையும் எழுதியவர் அட்மின்தான். என் கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு பிரவுசிங் சென்டரில் வைத்து அடித்தேன். அதன் ஆசிரியர் பெயர் இன்றைக்கும் ‘வெல்கம்’.

1993-இல் வந்த எக்ஸெல் 5-இல் விஷுவல் பேசிக் உள்ளே வந்து உட்கார்ந்தது. நாம் இன்றும் எழுதும் மேக்ரோ மொழி அதுதான். கொஞ்ச காலத்தில் அந்த ஜாதகத்தைப் படிக்க ஒரு கதவும் அதில் திறந்தது. ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் ஒரே வரியில் ‘இந்த ஒர்க்புக்கின் பண்புகளில் கடைசி ஆசிரியர் யார்’ என்று கேட்டுப் பதிலைத் திருப்பி அனுப்பச் சொன்னால் போதும். கட்டத்தில் சமக்குறி போட்டு அந்த ஃபங்ஷனின் பெயரை எழுதினால் ஆள் பெயர் வந்து நிற்கும்.

பெயர் சுலபம். தேதியில்தான் விளையாட்டு. 2000 ஜனவரி 1 அன்று உருவான ஃபைலிடம் உருவான தேதியைக் கேளுங்கள், கட்டத்தில் 36526 என்று வரும். முதல் தடவை இதைப் பார்க்கிற எல்லோரும் மேக்ரோ உடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். உடையவில்லை. கட்டத்துக்கு எண் மட்டும்தான் தெரியும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வந்தால் அந்த நாள் 36526. ‘தேதியாகக் காட்டு’ என்று கட்டத்தை வடிவமைத்தால்தான் நமக்குப் புரிகிற தேதி வரும்.

அந்த எண்ணிக்கையில் ஒரு நாள் பொய். 1900 லீப் வருடமல்ல. நானூறால் வகுபடாத நூற்றாண்டு வருடத்துக்கு பிப்ரவரி 29 கிடையாது. லோட்டஸ் அதை லீப் வருடமாகவே எண்ணியது. லோட்டஸ் ஃபைல்கள் தன்னிடம் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதால் எக்ஸெல் தெரிந்தே அந்தப் பொய்யைத் தத்தெடுத்தது. ஆனால் பேசிக் மொழிக்கு அந்த நாள் இல்லை. அது எண்ணிக்கையை ஒரு நாள் முன்னால், 1899 டிசம்பர் 31-இல் தொடங்கிக் கணக்கை நேராக்கிக்கொண்டது. ஆக எக்ஸெல்லும் அதன் மேக்ரோ மொழியும் 1900-இன் முதல் இரண்டு மாதங்களில் ஒரு நாள் முரண்பட்டு, மார்ச் 1 முதல் இன்றுவரை ஒத்துப்போகின்றன. இதைப் பற்றி ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1992 ஜூனில், இந்த மேக்ரோ மொழிக்கான வரைவை எழுதியவர் என்ற முறையில் அவர் பில் கேட்ஸ் முன் உட்கார்ந்தார். கேட்ஸ் கடைசியாகக் குடைந்து கேட்ட கேள்வி தேதிகளைப் பற்றியது. ஸ்போல்ஸ்கிக்கு அந்த இரண்டு மாதக் கதை முன்பே தெரிந்திருந்தது, பிழைத்தார். அங்கிருந்து எழுந்து போனதுதான் நாம் இன்று எழுதும் ஃபங்ஷன்.

ஜாதக அறைக்குள் நேரம் எழுதப்படும் விதம் இன்னும் விசித்திரம். விண்டோஸ் தன் கடிகாரத்தை 1601 ஜனவரி 1-இலிருந்து, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டு வருகிறது. நானூறு வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் கிரிகோரியன் சுழற்சியின் தொடக்கம் அது, கணக்குக்கு வசதி. ஆனால் தேதிக் கணக்கில் அதற்கு முந்தைய நாள், 1600 டிசம்பர் 31 அன்று, எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். இங்கிலாந்து அப்போது பழைய காலண்டரில் இருந்தது, ஆகவே உண்மையில் அடுத்தடுத்த நாட்களல்ல. இருந்தாலும், உலகத்து அலுவலகங்களின் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் அந்தக் கம்பெனி பிறந்த மறுநாளிலிருந்து நேரம் எண்ணுகின்றன என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

சரி, தேதி தெரிந்துவிட்டது. அது எதன் தேதி? இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். ‘உருவான தேதி’ என்று இரண்டு உண்டு. ஒன்று ஃபைலுக்குள் இருக்கும் ஜாதகத்தில் எழுதியது. மற்றொன்று விண்டோஸ் தன் பதிவேட்டில் வைத்திருப்பது. ஃபைலை வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்தால், விண்டோஸைப் பொறுத்தவரை அந்த நகல் இன்றைக்குத்தான் பிறந்தது. கடைசியாகத் திருத்திய தேதி மட்டும் பழையதாகவே இருக்கும். அதாவது பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே திருத்தப்பட்ட குழந்தை. மேக்ரோவில் இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் வருகிற பதிலும் அப்படித்தான் இருக்கும்.

உள்ளே இருப்பது மட்டும் உண்மையா? சமீபத்திய ஆபீஸ் இருக்கும் கணினியில் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, ‘நியூ’ போய், எக்ஸெல் ஒர்க்ஷீட் ஒன்றை உருவாக்குங்கள். அதன் உள்ளே உருவான தேதியைப் பாருங்கள். 2015 ஜூன் 5 என்று இருக்கும். நம்மூர் நேரத்தில் இரவு 11 மணி 47 நிமிடம். நீங்கள் உருவாக்கியதாக நினைத்தது ஒரு நகல். ஆபீஸோடு கூடவே வந்த ஒரு காலி ஃபைலை விண்டோஸ் எடுத்து உங்கள் முன் வைக்கிறது. அந்தக் காலி ஃபைலை மைக்ரோசாஃப்டில் யாரோ சேமித்த நொடி அது. கோடிக்கணக்கான ஃபைல்கள் அதே ஒரே நொடியில் பிறந்ததாகச் சத்தியம் செய்கின்றன.

சேமித்த நேரத்தைக் கேட்பதில் வேறொரு சிக்கல். கட்டத்தில் இருக்கும் சூத்திரம் தன்னைச் சுற்றி ஏதாவது மாறினால்தான் மறுபடி கணக்கு போடும். சேமிப்பது ஒரு மாற்றமல்ல. ‘நீ நிலையற்றவன், எப்போது கணக்கு நடந்தாலும் நீயும் ஓடு’ என்று மேக்ரோவில் ஒரு வரி சேர்க்கலாம். சேர்த்தாலும், சேமிக்கும் நொடியில் கட்டத்துக்குள் இருப்பது முந்தைய சேமிப்பின் நேரம்தான். அப்படியே அது ஃபைலுக்குள் போய்விடும். அடுத்த கணக்கு நடக்கும்போதுதான் சரியான நேரத்துக்கு வரும். இன்னொன்று. இரண்டு ஃபைல் திறந்திருக்கும்போது ‘தற்போது முன்னால் இருக்கும் ஒர்க்புக்’ என்று எழுதியிருந்தால், ஒரு வீட்டின் கட்டம் அடுத்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும். தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ‘என்னைக் கூப்பிட்ட கட்டம் எது, அது எந்த ஷீட்டில், அந்த ஷீட் எந்த ஒர்க்புக்கில்’ என்று படிப்படியாக மேலே ஏறிக் கேட்பார்கள். நிரல் என்று பார்த்தால் ஒரு வரிதான். எனக்கு அதில் எப்போதும் ஒரு சின்னப் பிரியம் உண்டு.

*

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் குழு மென்பொருள் வேலை செய்தது. அங்கே தரக் கட்டுப்பாட்டுக்கு நாற்பது சொச்சம் எக்ஸெல் ஃபைல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி’ என்று நான்கு கட்டங்கள். எல்லாம் கையால் அடித்தவை. ஐஎஸ்ஓ தணிக்கை வரப்போகிறது, எல்லா ஃபைலுக்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். நான் உற்சாகமாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஃபைல் பெயரைக் கொடுத்தால் பக்கத்துக் கட்டங்களில் எழுதியவர், கடைசியாகச் சேமித்தவர், சேமித்த நேரம் எல்லாம் தானாக வரும். இருபத்திரண்டு வயசுக்கு அது பெரிய மந்திரம்.

பட்டியல் வந்தது. கடைசியாகச் சேமித்தவர் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். டிப்ளமா முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் பெயர். நேரம் எல்லாம் முந்தைய வாரத்து மூன்று இரவுகள். அடியில் ஒப்புதல் தேதியோ ஒன்றரை வருடத்துக்கு முந்தையது.

தர மேலாளர் ரொம்ப நேரம் பார்த்தார். “தம்பி, இது என்ன தேதி?”

“சேவ் பண்ண தேதி சார்.”

“சேவ் பண்ண தேதியை யாருப்பா கேட்டா? நாங்க ஒப்புதல் குடுத்த தேதிதானே கேட்டோம்?”

அவர் கேட்டது முழுக்க அபத்தம் என்று சொல்ல மாட்டேன். அச்சிடத் திறந்து, பத்தியின் அகலத்தைக் கொஞ்சம் இழுத்து, பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் தட்டினாலும் ஃபைல் அந்த ஆளின் பெயரை எழுதிக்கொள்ளும். என் மேக்ரோவுக்கு அவர் பார்வை இடுக்கியதும் தெரியாது, அந்தப் பெண் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து அளவீடுகளை முதலிலிருந்து நிரப்பியதும் தெரியாது. இரண்டும் அதற்கு ஒரே மாதிரி ஒரு சேமிப்பு. பத்தியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். மறுபடியும் தேதிகளைக் கையால் அடித்தார்கள்.

மதியம் சாப்பாட்டு அறையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். “அண்ணா, எல்லா ஃபைல்லயும் என் பேரு வந்திருக்காமே. எனக்கு எதுவும் பிரச்சினை வருமா?”

நாற்பது ஃபைலையும் ஒழுங்காக்கியது அவள்தான். அந்தத் தொழிற்சாலையில் அவள் பெயர் எழுத்தில் வந்த ஒரே இடம் அந்தப் பத்தியாக இருந்திருக்கும். அதற்குத்தான் அவள் பயந்தாள். வராதும்மா, எடுத்தாச்சு என்று சொன்னேன்.

*

இதை நான் பிற்பாடு 2003-ஆம் வருடத்துக் கதை ஒன்றைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அந்த பிப்ரவரியில், ஈராக் மீது போர் தொடுக்க நியாயம் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, சதாம் உசேனின் உளவமைப்புகள் எப்படி ஆயுதங்களை மறைக்கின்றன என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காலின் பவல் அதைப் பாராட்டிப் பேசினார். கேம்பிரிட்ஜில் இருந்த கிளென் ரங்வாலா அதை வாசித்துவிட்டு, இதை எங்கோ படித்திருக்கிறேனே என்று தேடினார். இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளர் 2002 செப்டம்பரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருந்தார்கள். அவருடைய எழுத்துப் பிழைகள்கூட அப்படியே இருந்தன.

அரசு அதை வேர்ட் ஃபைலாகவே இணையத்தில் வைத்திருந்தது. அந்தக் கால வேர்ட், யாரும் கேட்காமலே, கடைசிப் பத்துச் சேமிப்புகளின் விவரத்தை உள்ளே வைத்திருக்கும்: யார் பெயரில், எந்த ஃபோல்டரில். ரிச்சர்ட் எம். ஸ்மித் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் அந்தப் பதிவை வெளியே எடுத்தார். நான்கு அதிகாரிகளின் பெயர்கள் வந்தன. ஒரு கட்டத்தில் ஃபைல் ஃபிளாப்பிக்கு நகலானதும் தெரிந்தது. அந்த ஜூனில் நாடாளுமன்ற வெளியுறவுக் குழு, பிரதமரின் தகவல் தொடர்பு இயக்குநர் அலெஸ்டர் காம்ப்பெல்லை விசாரித்தபோது இந்த நான்கு பேர் யார் என்று கேட்டது. ஒருவர் அவருடைய தனி உதவியாளர். மற்றவர்களும் தகவல் பிரிவிலும் பத்திரிகைப் பிரிவிலும் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதக்கூடாது என்றில்லை, பொதுப் பதிவில் இருக்கிறது. எனக்கு மனசில்லை. போருக்குப் போவதென்று முடிவெடுத்த யாருடைய பெயரும் அந்தப் பத்துச் சேமிப்புகளில் இல்லை. அவர்கள் கீபோர்டைத் தொடவே இல்லை.

கடைசியாகச் சேமித்தவர் என்ற பண்பு காட்டுவது விசையைத் தட்டிய கையை. யார் சொல்லித் தட்டினார்கள் என்று எழுத அந்த அறையில் இடமே ஒதுக்கப்படவில்லை. அதைப் படித்துக் கட்டத்துக்குள் கொண்டுவரும் மேக்ரோவும், எத்தனை திறமையாக எழுதினாலும், அந்த இல்லாத வரியைக் கொண்டுவர முடியாது.

ரிச்சர்ட் ஸ்மித்துக்கு இது முதல் தடவையல்ல. நான்கு வருடம் முன்பு, ஆபீஸ் 97 ஃபைல்களுக்குள் கணினியின் நெட்வொர்க் அட்டை எண்ணை உள்ளடக்கிய ஓர் அடையாள எண் ஒளிந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டியவர் அவர். அது பெரிய சர்ச்சையாகி, 1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்க வழி செய்வதாகச் சொன்னது. அதே மாதம் 26-ஆம் தேதி மெலிஸா வைரஸ் கிளம்பியது. ஒரு வேர்ட் ஃபைல். திறந்ததும் அதிலிருந்த மேக்ரோ தானே ஓடி, உங்கள் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. ஸ்மித்தும் வேறு சிலரும் ஃபைலுக்குள் இருந்த அந்த அடையாள எண்ணை எடுத்து, அது ஒத்துப்போகும் பழைய ஃபைல்களைத் தேடினார்கள். நியூ ஜெர்சியில் டேவிட் எல். ஸ்மித் என்பவர் கைதாகக் காரணம் முக்கியமாக ஏஓஎல் நிறுவனத்தின் பதிவுகளும் தொலைபேசித் தடமும்தான். (இரண்டு ஸ்மித்துகளுக்கும் உறவில்லை.) இருந்தாலும் மேக்ரோ செய்த குற்றத்துக்கு ஃபைல் பண்பு சாட்சி சொல்ல வந்தது அந்த வழக்கில்தான்.

மெலிஸா எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. லோட்டஸ் காலத்திலிருந்தே வரமாக இருந்த ‘தானே ஓடும்’ வசதியைத்தான் பயன்படுத்தியது. எக்ஸெல்லுக்கும் 1996-இலேயே லாரூ என்று ஒரு மேக்ரோ வைரஸ் வந்திருந்தது. கட்டத்திலிருந்து கூப்பிடும் ஃபங்ஷனுக்கு எக்ஸெல் கடுமையான ஒழுக்கம் விதித்திருக்கிறது. பதில் சொல்லலாம், அடுத்த கட்டத்தைத் தொடக்கூடாது, ஷீட்டின் பெயரை மாற்றக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்த ஒழுக்கம் எக்ஸெல்லின் சுவர்களுக்குள் மட்டும். வெளியே வட்டில் இருக்கும் ஃபைலை அதே ஃபங்ஷன் திறந்து எழுதினால் தடுக்க ஆளில்லை. ஜாதகம் படிக்கிற கதவும் வீட்டைக் கொளுத்தப் போகிற கதவும் ஒன்றுதான்.

அதனால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. முதலில் எச்சரிக்கைப் பெட்டி. 2007-இல் ஃபைல் வகையே இரண்டாகப் பிரிந்து, மேக்ரோ உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனி வால் முளைத்தது. அப்போதிருந்து ஃபைல் என்பது ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள், ஜாதகம் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைலாக உள்ளே இருக்கும். மேக்ரோவே வேண்டாம், நோட்பேட் போதும். அதில் எழுதியவர் என்பதற்கு ‘கிரியேட்டர்’ என்ற சொல் இருக்கும். அது டப்ளின் கோர் என்ற நூலகத் தர நிர்ணயத்திலிருந்து வந்தது. அந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். 1995-இல் நூலகர்களும் கணினிக்காரர்களும் அங்கே கூடி, இணையத்தில் கிடக்கும் ஆவணங்களுக்கு நூலக அட்டை போடுவது எப்படி என்று பேசினார்கள். ஃபிளாப்பி மேல் ஒட்டிய லேபிள் இப்படி நூலக அட்டையாகி ஃபைலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

2022 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் கடைசிக் கதவையும் சாத்துவதாக அறிவித்தது. இணையத்திலிருந்து வந்த ஃபைலில் மேக்ரோ ஓடாது, ‘ஓட விடு’ என்று அழுத்தப் பொத்தானும் கிடையாது. ஜூலையில் ஒருமுறை தயங்கி நிறுத்திவிட்டு அதே மாதம் மறுபடி தொடங்கினார்கள். இணையத்திலிருந்து வந்தது என்று எக்ஸெல்லுக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஒரு ஃபைல் பண்புதான். தரவிறக்கும்போது விண்டோஸ் ஃபைலோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டுகிறது. அதில் ‘மண்டலம் 3’ என்று எழுதியிருந்தால் இணையம். பண்புகளைப் படிக்க எழுதிய மேக்ரோவை இப்போது ஒரு பண்பு படித்து, ஓடாதே என்கிறது. யாராவது நல்ல மனசோடு எழுதி அனுப்பிய ஷீட்டில் ‘கடைசியாகச் சேமித்தவர்’ கட்டம், பெயரே தெரியவில்லை என்ற பிழைக்குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எக்ஸெல்லில் இதற்கிடையே லாம்டா வந்துவிட்டது. மேக்ரோவே இல்லாமல் சொந்த ஃபங்ஷன் எழுதலாம், அபாரமான வசதி. ஆனால் லாம்டாவும் கட்டங்களிடம்தான் பேசும், ஃபைலைப் பற்றிக் கேட்க அதற்கும் வழியில்லை.

ஆகவே நம்மாட்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஃபைல் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அடியில் ‘அன்பிளாக்’ என்ற சின்னக் கட்டத்தில் ஒரு டிக். அதுகூடத் தெரியாதவர்கள் ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி வேறு கணினியில் இறக்குகிறார்கள். பென் டிரைவின் பழைய ஃபைல் அமைப்புக்கு அந்த ரகசியச் சீட்டை ஏந்தத் தெரியாது, வழியிலேயே உதிர்ந்துவிடும். மேக்ரோ ஓட ஆரம்பிக்கும். விண்டோஸ் பதிவேட்டில் ஃபைல் இன்று பிறந்ததாக இருக்கும், உள்ளே 2015 ஜூன் 5 அப்படியே இருக்கும், கட்டத்தில் அட்மின் என்று வரும்.